ஊர் வாயும் கட்டடமும்

ஒரு நாவல் பிடிக்கவில்லை என்றால் வாசகருக்கு இருக்கும் வசதி பெரிது. பத்தாவது பக்கத்திலேயே மூடி அலமாரியில் போட்டுவிடலாம். சங்கீதக் கச்சேரி பிடிக்கவில்லையா? தனி ஆவர்த்தனம் ஆரம்பிக்கும்போது மெதுவாக நழுவி வெளியே வந்து காப்பி சாப்பிடலாம். சினிமாவாக இருந்தால், டிக்கெட்டுக் காசு போனால் போகிறது என்று எழுந்து வந்துவிடலாம். ஆனால் எதிர் வீட்டுக்காரர் கட்டியிருக்கும் கட்டடம் பிடிக்கவில்லை என்றால் என்ன செய்வது? காலையில் ஜன்னலைத் திறந்தால் அதுதான் நிற்கிறது. ஆபீசுக்குப் போகும்போதும் நிற்கிறது, திரும்பி வரும்போதும் நிற்கிறது. பேரன் பேத்தி எடுத்த பிறகும் அது அங்கேயே நிற்கப் போகிறது.

அதனால்தானோ என்னவோ, மற்றக் கலைகளைப் பற்றி வாய் திறக்கக் கூச்சப்படுகிறவர்கள்கூடக் கட்டடங்களைப் பற்றிப் பேசக் கூச்சப்படுவதில்லை. "எனக்குச் சங்கீத ஞானம் போதாது" என்று அடக்கமாகச் சொல்லும் அதே மனிதர், புதிதாக எழும்பிய ஒரு மாளிகையை அண்ணாந்து பார்த்து, "இது என்ன ஐயா, கவிழ்த்துவைத்த அண்டா மாதிரி?" என்று தயங்காமல் கேட்டுவிடுகிறார். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா?

மூட வேண்டும் என்று சொல்ல நான் வரவில்லை. ஊர் சொல்வதில் எது பெறும், எது பெறாது என்று கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாமே என்பதுதான் என் ஆசை. அதற்கு நம் காலத்திலேயே வாழ்ந்து, அளவில்லாத புகழையும் அதே அளவு வசவையும் சம்பாதித்துக்கொண்ட ஒருவரின் சரித்திரம் நல்ல உதாரணம். அவர் பெயர் ஃபிராங்க் கேரி.

அவர் கதைக்குப் போகுமுன் ஒரு பழைய கதையை ஞாபகப்படுத்திக்கொள்ள வேண்டும். 1887-ஆம் ஆண்டு பாரிஸ் நகரத்தில் ஈஃபில் கோபுரத்துக்கு அஸ்திவாரம் போட்டபோது, பிரெஞ்சு தேசத்தின் பெரிய எழுத்தாளர்களும் ஓவியர்களும் சேர்ந்து பத்திரிகையில் ஒரு கண்டனக் கடிதம் வெளியிட்டார்கள். இந்த இரும்பு அரக்கன் எங்கள் அழகான நகரத்தைப் பாழாக்கிவிடும் என்பது அவர்கள் கட்சி. கையெழுத்துப் போட்டவர்களில் சிறுகதை மன்னர் மாப்பஸானும் ஒருவர். கோபுரம் எழும்பிய பிறகு அவர் அதற்குள் இருந்த ஹோட்டலிலேயே சாப்பிட்டு வந்தார் என்றும், காரணம் கேட்டால், "பாரிஸில் இந்தக் கோபுரம் கண்ணில் படாத இடம் இது ஒன்றுதான்" என்று பதில் சொன்னார் என்றும் ஒரு கதை உண்டு. கதை நிஜமோ பொய்யோ, ஈஃபில் கோபுரம் இல்லாத பாரிஸை இன்று யாராலும் மனத்தில் எழுதிப் பார்க்க முடியாது.

இந்தக் கதையைக் கட்டடக் கலைஞர்கள் எல்லாரும் மனப்பாடமாக வைத்திருக்கிறார்கள். யாராவது குறை சொன்னால், "ஈஃபில் கோபுரத்தையும் இப்படித்தான் ஏசினார்கள்" என்று ஒரே வார்த்தையில் வாயை அடைத்துவிடுகிறார்கள். ஏசப்பட்டது எல்லாம் ஈஃபில் கோபுரம் ஆகிவிடுமா? அதுதான் கேள்வி.

*

கேரி 1929-இல் கனடாவின் டொரன்டோ நகரில் பிறந்தார். யூதக் குடும்பம். பிறந்தபோது குடும்பப் பெயர் கோல்ட்பர்க். தாத்தா இரும்புச் சாமான் கடை வைத்திருந்தார். பாட்டி மரத்துண்டுகளைத் தரையில் பரப்பி, பேரனோடு உட்கார்ந்து வீடும் பாலமும் ஊருமாகக் கட்டி விளையாடுவாளாம். பின்னாளில் உலகம் பார்த்து வியந்த கட்டடங்களுக்கு விதை அந்தப் பாட்டியின் சமையலறைத் தரையில் விழுந்தது என்று அவரே சொல்லியிருக்கிறார். 1947-இல் குடும்பம் லாஸ் ஏஞ்சலீஸுக்குக் குடியேறியது. அங்கே லாரி ஓட்டிச் சம்பாதித்துக்கொண்டே படித்து, 1954-இல் கட்டடக் கலையில் பட்டம் பெற்றார். யூதர் என்ற காரணத்தால் பிள்ளைகளுக்குத் தொல்லை வரக்கூடாது என்று மனைவி வற்புறுத்தியதால், அதே வருஷத்தில் பெயரையும் கேரி என்று மாற்றிக்கொண்டார்.

அதற்குப் பிறகு இருபது வருஷத்துக்கு மேல் அவர் செய்தது பெரும்பாலும் சாதாரண வேலை. கடைகள், அலுவலகங்கள், குடியிருப்புகள். அவரைப் பற்றி ஊர் முதல் முதலாக உரக்கப் பேசியது அவர் தமக்கென்று வீடு கட்டியபோதுதான்.

"வீட்டைக் கட்டிப் பார்" என்று நம் பெரியவர்கள் சொன்னது பணக்கஷ்டத்தை நினைத்து. கேரி பார்த்தது வேறு கஷ்டம். 1977-இல் சாண்டா மோனிகாவில் இளஞ்சிவப்பு வர்ணம் பூசிய ஒரு பழைய மாடி வீட்டை வாங்கினார். அமைதியான, நடுத்தர வர்க்கத்துத் தெரு. மனிதர் பழைய வீட்டை இடிக்கவில்லை. அதை அப்படியே உள்ளே வைத்து, வெளியே நெளி தகரத்தாலும் பிளைவுட் பலகையாலும் மைதானங்களைச் சுற்றிப் போடும் கம்பி வலையாலும் இன்னொரு தோல் போர்த்திவிட்டார். சமையலறைக்கு மேல் கண்ணாடிப் பெட்டி ஒன்று கோணலாக விழப் போவதுபோல் நின்றது. வேலை பாதியில் நின்றுவிட்டதா, முடிந்துவிட்டதா என்று பார்ப்பவர்களுக்குப் புரியவில்லை.

அக்கம் பக்கத்தார் கொதித்துப் போனார்கள். தெருவின் மானம் போயிற்று, வீட்டு விலை இறங்கிவிடும் என்று முறையிட்டார்கள். கேரி பின்னாளில் இதற்குச் சொன்ன சமாதானம் சுவாரசியமானது. புகார் சொல்ல வந்தவரின் முற்றத்திலும் கம்பி வலை வேலி இருந்ததாம். பழைய வண்டி ஒன்றும் நின்றதாம். "அது வேறு, அது சாதாரணம்" என்றாராம் அந்த மனிதர்.

இந்தப் பதிலைச் சிரித்துத் தள்ளிவிடக் கூடாது. கொல்லையில் கிடக்கும் தகரம் கண்ணை உறுத்துவதில்லை. அதே தகரம் வாசலுக்கு வந்து நான்தான் இந்த வீட்டின் முகம் என்று சொன்னால் உறுத்துகிறது. கேரி வேண்டுமென்றே செய்த காரியம் அது. எல்லாரும் உபயோகிக்கிறோம், யாரும் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை. அப்படிப்பட்ட சாமானைப் பார்க்க வைப்பேன் என்றார். ஆனால் அந்தப் பாடத்தைக் கேட்க அண்டை வீட்டுக்காரர் பெயர் கொடுத்துச் சேரவில்லை என்பதும் உண்மைதானே? 2012-இல் அமெரிக்கக் கட்டடக் கலைஞர் சங்கம், இருபத்தைந்து ஆண்டுக்குமேல் நிலைத்து நின்ற சிறந்த கட்டடத்துக்கான விருதை இந்த வீட்டுக்கு அளித்தது. தெருக்காரர்களுக்கும் காலப்போக்கில் பழகிவிட்டது.

அந்த வீட்டில் நடந்த ஒரு விருந்தைப் பற்றியும் கேரி சொல்வதுண்டு. 1980-இல் அவர் ஒரு வியாபாரக் கம்பெனிக்காகப் பெரிய அங்காடி ஒன்றைக் கட்டி முடித்தார். அந்தக் கம்பெனியின் அதிகாரி விருந்துக்கு வந்தார். வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "உமக்கு இது பிடித்திருந்தால், எங்களுக்குக் கட்டிக் கொடுத்தது பிடித்திருக்க முடியாதே?" என்றார். "பிடிக்கவில்லைதான்" என்றார் கேரி. "பின் ஏன் செய்கிறீர்?" "பிழைக்க வேண்டாமா?" "அதை விட்டுவிடும்" என்றார் அதிகாரி. இருவரும் அன்றே கை குலுக்கிப் பிரிந்தார்கள். கேரியின் ஆபீஸில் பலருக்கு வேலை போயிற்று. ஆனால் அன்று முதல் அவர் தமக்குப் பிடித்ததைத் தவிர வேறு எதையும் கட்டுவதில்லை என்று வைத்துக்கொண்டார். ஊர் சொன்ன அபிப்பிராயங்களுக்குள் அவருக்கு மிகவும் உதவியது, கட்டடக் கலை படிக்காத அந்த வியாபாரியின் அபிப்பிராயம்தான்.

*

1989-இல் கட்டடக் கலையின் மிகப் பெரிய விருதான பிரிட்ஸ்கர் பரிசு கேரிக்குக் கிடைத்தது. 1996-இல் பிராக் நகரத்து ஆற்றங்கரையில், ஆணும் பெண்ணும் கட்டிப்பிடித்து நடனமாடுவதுபோல் இரண்டு கோபுரங்கள் கொண்ட ஒரு கட்டடத்தை, விளாடோ மிலுனிச் என்ற உள்ளூர்க் கலைஞரோடு சேர்ந்து எழுப்பினார். 1945-இல் அமெரிக்க விமானங்கள் குண்டு போட்டு அழித்த வீடு இருந்த காலி மனை அது. அடுத்த வீட்டுக்காரர் யார் தெரியுமா? நாடகாசிரியரும் அந்த நாட்டின் ஜனாதிபதியுமான வாட்ஸ்லாவ் ஹாவெல். அவர் ஆதரித்தார், பழமையான நகரத்தில் இது என்ன கூத்து என்று பலர் எதிர்த்தார்கள். 2005-இல் செக் தேசிய வங்கி அந்தக் கட்டடத்தின் உருவத்தைத் தங்க நாணயத்திலேயே பொறித்துவிட்டது.

ஆனால் கேரியை உலகத்தின் மூலை முடுக்கெல்லாம் கொண்டுபோனது பில்பாவோ. வடக்கு ஸ்பெயினில் பாஸ்க் மக்களின் பெரிய நகரம் அது. இரும்பாலையும் கப்பல் கட்டும் துறையுமாகப் பிழைத்த ஊர். 1980-களில் ஆலைகள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. 1983-இல் வெள்ளம் வந்து பழைய நகரத்தை மூழ்கடித்தது. வேலை இல்லாத இளைஞர்கள், கறுத்த ஆறு, குண்டு வெடிப்பு: இதுதான் அன்றைய பில்பாவோ. அந்த நிலைமையில் பாஸ்க் சர்க்கார், நியூயார்க்கின் குகன்ஹைம் ஸ்தாபனத்தோடு ஒப்பந்தம் செய்துகொண்டு, 10 கோடி டாலர் செலவில் ஒரு கலைக் கூடம் கட்டுவது என்று தீர்மானித்தது. ஸ்தாபனத்தின் பெயரை உபயோகிக்க 2 கோடி டாலர் தனி.

ஊர் சும்மா இருக்குமா? வயிற்றுக்கு இல்லாதபோது நெற்றிக்குத் திலகமா என்று கேட்டார்கள். பாஸ்க் நாட்டின் மூத்த சிற்பி ஹோர்ஹே ஒத்தெய்சா கடுமையாக எதிர்த்தார். இது எங்கள் பண்பாட்டுக்கு விரோதம், அமெரிக்கக் கடைச் சரக்கு என்பது அவர் கட்சி. உள்ளூர்க் கலைஞர்களுக்குக் கிடைக்க வேண்டிய மானியம் எல்லாம் அந்நிய அருங்காட்சியகத்துக்குப் போய்விடுமே என்று மற்றவர்கள் கவலைப்பட்டார்கள். இவற்றில் எதுவும் மூடத்தனமான கேள்வி அல்ல.

கட்டடம் எழும்பியது. ஆகாய விமானம் செய்வதற்காகப் பிரெஞ்சுக்காரர்கள் உண்டாக்கிய கம்ப்யூட்டர் முறையைக் கொண்டு, நேர்கோடே இல்லாத அந்த வளைவுகளைக் கணக்கிட்டார்கள். ரஷ்யா சந்தையில் கொட்டியதால் டைட்டேனியத்தின் விலை இறங்கியிருந்தது. காகிதம் போல் மெல்லிய டைட்டேனியத் தகடுகள் சுமார் 33,000 அந்தச் சுவர்களை மூடின. மழை நாளில் சாம்பலாகவும் மாலை வெயிலில் பொன்னாகவும் அவை நிறம் மாறின. முடிந்த கட்டடத்தை மலையிலிருந்து முதலில் பார்த்தபோது, "ஐயோ, இந்த ஜனங்களுக்கு நான் என்ன செய்துவிட்டேன்?" என்று தமக்குத் தோன்றியதாகக் கேரி சொன்னார். ஊர் கேட்ட கேள்வியைக் கலைஞரே தம்மைக் கேட்டுக்கொண்ட நேரம் அது.

திறப்பு விழாவுக்குச் சில நாள் முன்னால், 1997 அக்டோபர் 13-ஆம் தேதி, பூந்தொட்டி கொண்டுவந்த தோட்டக்காரர்கள் போல் வேஷம் போட்டுக்கொண்டு பிரிவினைவாதிகள் கையெறி குண்டுகளை உள்ளே கடத்த முயன்றார்கள். சந்தேகப்பட்டுத் தடுத்த போலீஸ்காரர் ஒருவரைச் சுட்டுக் கொன்றார்கள். கலைக்கூடத்தின் முன்னாலுள்ள சதுக்கத்துக்கு ஊர் அவர் பெயரையே வைத்தது. 18-ஆம் தேதி ஸ்பெயின் மன்னர் வந்து கூடத்தைத் திறந்து வைத்தார்.

முதல் வருஷத்தில் 13 லட்சம் பேர் வந்தார்கள். எதிர்பார்த்ததைவிட மிக அதிகம். ஹோட்டல்கள் நிரம்பின. ஒரு கட்டடத்தால் ஊர் பிழைத்ததென்று உலகம் முழுவதும் பேச்சாயிற்று. 2010-இல் ஓர் அமெரிக்கப் பத்திரிகை 52 நிபுணர்களைக் கூப்பிட்டு, 1980-க்குப் பிறகு எழுந்தவற்றில் மிக முக்கியமான கட்டடம் எது என்று கேட்டது. 28 பேர் பில்பாவோவைச் சொன்னார்கள்.

இங்கே ஒரு நிதானம் வேண்டும். அதே வருஷங்களில் பில்பாவோவில் பாதாள ரயில் வந்தது. ஆற்றைச் சுத்தம் செய்தார்கள். துறைமுகத்தைக் கடல் பக்கம் நகர்த்தினார்கள். கல்யாண வீட்டில் எல்லாரும் வேலை செய்திருக்க, புகைப்படத்தில் மாப்பிள்ளை மட்டும் விழுவதுபோல், பெருமை முழுவதும் கலைக்கூடத்துக்கே போயிற்று. அதைப் பார்த்து, நமக்கும் ஒரு கேரி கட்டடம் வந்தால் போதும் என்று ஆசைப்பட்ட ஊர்கள் பல. கட்டடம் கிடைக்கலாம், ஆற்றைச் சுத்தம் செய்வது யார்?

*

இனி வசவுப் பக்கத்துக்கு வருவோம். 1987-இல் வால்ட் டிஸ்னியின் மனைவி லில்லியன், கணவர் நினைவாக லாஸ் ஏஞ்சலீஸில் சங்கீத மண்டபம் கட்ட 5 கோடி டாலர் கொடுத்தார். கேரியின் திட்டம் தேர்ந்தெடுக்கப்பட்டது. அடியில் கார் நிறுத்தும் இடத்தைக் கட்டியதோடு பணம் தீர்ந்து, வேலை வருஷக் கணக்கில் நின்றது. லில்லியன் அம்மாள் 1997-இல் காலமானார். மண்டபத்தைக் கண்ணால் பார்க்கவில்லை. 2003 அக்டோபரில்தான் கதவு திறந்தது. உள்ளே நாதம் விழும் அழகைச் சங்கீத விமர்சகர்கள் புகழ்ந்து மாளவில்லை.

வெளியே? மண்டபத்தின் ஒரு பகுதிக்குப் பளபளவென்று மெருகேற்றிய எவர்சில்வர் தகடு போட்டிருந்தார்கள். குழிந்த சுவர், அதில் கலிபோர்னியா வெயில். தேய்த்துக் கவிழ்த்த எவர்சில்வர் பாத்திரம் முற்றத்து வெயிலில் கண்ணைக் கூசச் செய்வது நமக்குத் தெரியும். மாளிகை அளவு பாத்திரம் என்றால்? எதிர்ச் சாரியில் குடியிருந்தவர்களின் வீட்டுக்குள் அனல் அடித்தது. நடைபாதையில் சூடு 60 டிகிரி செல்சியஸ் வரை போயிற்று. முதலில் துணி போட்டு மூடினார்கள். பிறகு 2005-இல் அந்தத் தகடுகளை உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதுபோல் தேய்த்து மெருகைப் போக்கினார்கள். அனல் தணிந்தது. மண்டபத்தின் அழகும் குறைந்துவிடவில்லை.

அடுத்தது பாஸ்டனுக்குப் பக்கத்தில் உள்ள எம்.ஐ.டி. கல்வி நிலையம். அங்கே 1943-இல் யுத்தத்துக்காக அவசரமாகக் கட்டிய மரக் கொட்டகை ஒன்று இருந்தது. 'இருபதாம் நம்பர் கட்டடம்' என்று பெயர். யுத்தம் முடிந்ததும் இடித்துவிடுவதாக ஏற்பாடு. இடிக்கவில்லை. ஆராய்ச்சியாளர்களுக்கு அது உயிர். குழாய் போட வேண்டுமா? யாரையும் கேட்காமல் சுவரில் ஓட்டை போடலாம். உயரமான யந்திரம் வைக்க வேண்டுமா? மேல் தளத்தைப் பிளந்துவிடலாம். ரேடார் ஆராய்ச்சி முதல் சாம்ஸ்கியின் மொழியியல் வரை அந்தக் கொட்டகையில் வளர்ந்தவை பல. 1998-இல் அதை இடித்து, அந்த இடத்தில் 30 கோடி டாலர் செலவில் கேரியைக் கொண்டு புதிய மாளிகை எழுப்பினார்கள். 2004-இல் திறந்தது. 2007-இல் கல்வி நிலையம் கேரியின் மீதே வழக்குப் போட்டது. கூரை ஒழுகுகிறது, சுவர் வெடிக்கிறது, பூஞ்சக்காளான் பிடிக்கிறது, பனிக்கட்டி சரிந்து வழியை அடைக்கிறது என்று புகார். சிக்கலான கட்டடத்தில் சில குறைகள் வருவது சகஜம், செலவைக் குறைக்கச் சில பாதுகாப்புகளை நீக்கியதும் காரணம் என்றார் கேரி. 2010-இல் வழக்கு சமரசமாக முடிந்தது.

கேரிக்குக் கோபம் வரும் என்பதையும் மறைக்க வேண்டாம். 2014-இல் ஸ்பெயினில் ஒரு பரிசு வாங்கப் போன இடத்தில், உம்முடைய கட்டடங்கள் வெறும் பகட்டுக் காட்சிதானே என்று ஒரு நிருபர் கேட்டார். எண்பத்தைந்து வயதுக் கிழவர் பதிலுக்கு நடுவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டார். இன்று உலகத்தில் கட்டப்படுவதில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு குப்பை என்றும் சொன்னார். பிறகு, பிரயாணக் களைப்பு என்று மன்னிப்புக் கேட்டுக்கொண்டார்.

ஆனால் கோபப்பட்ட அதே மனிதர் வளைந்து கொடுத்ததும் உண்டு. வாஷிங்டனில் ஐசன்ஹோவருக்கு நினைவுச் சின்னம் அமைக்கும் பொறுப்பு 2009-இல் அவரிடம் வந்தது. படைத்தலைவராகவும் ஜனாதிபதியாகவும் இருந்தவரைக் கான்ஸாஸ் கிராமத்துச் சிறுவனாகக் காட்டுவதாவது, இரும்புக் கம்பியால் நெய்த இந்தப் பிரம்மாண்டத் திரை எதற்கு என்று பேத்திமார் எதிர்த்தார்கள். விவகாரம் பார்லிமென்டு வரை போயிற்று. பல வருஷம் இழுபறி. கடைசியில் திரையில் நார்மண்டிக் கடற்கரையின் காட்சி வந்தது. சிறுவன் ஓர் ஓரத்துக்குப் போனான். 2020 செப்டம்பரில் சின்னம் திறக்கப்பட்டது.

*

இத்தனையையும் சேர்த்துப் பார்த்தால், ஊர் அபிப்பிராயம் என்று நாம் ஒரே சொல்லில் சொல்வது ஒரே சரக்கு அல்ல என்று தெரிகிறது.

'கண்ணுக்குப் பிடிக்கவில்லை' என்பது ஒரு வகை. சாண்டா மோனிகாத் தெருவிலும் பிராக் ஆற்றங்கரையிலும் எழுந்த கூக்குரல் இது. இதற்குக் காலம் மருந்து போடுகிறது. கண்ணுக்குப் பழக்கம் என்று ஒன்று உண்டு. 2015-இல் சிட்னியில் கேரி கட்டிய கல்லூரிக் கட்டடத்தைத் திறந்துவைத்த கவர்னர் ஜெனரலே, கசக்கிய காகிதப் பைகளில் தாம் பார்த்த மிக அழகான பை இதுதான் என்று மேடையில் சொல்லிச் சிரித்தார். கேலி அங்கே வாழ்த்தாகிவிட்டது.

'உடம்புக்கு ஆகவில்லை' என்பது இன்னொரு வகை. கூரை ஒழுகுகிறது, அனல் அடிக்கிறது என்ற புகார்கள் இதில் சேரும். இதற்குக் காலம் மருந்து அல்ல. பத்து வருஷம் ஒழுகிய கூரை பதினோராவது வருஷமும் ஒழுகத்தான் செய்யும். இந்தப் புகாருக்கு முன்னால் ஈஃபில் கோபுரத்தின் கதையைச் சொல்லித் தப்பித்துக்கொள்ள எந்தக் கலைஞருக்கும் உரிமை இல்லை.

மூன்றாவது, 'எங்கள் பணம், எங்கள் ஊர், எங்களைக் கேட்டீர்களா?' என்பது. பில்பாவோவில் ஒத்தெய்சா கேட்டதும், வாஷிங்டனில் பேத்திமார் கேட்டதும் இதுதான். கட்டடம் வெற்றி பெற்றுவிட்டால் இந்தக் கேள்வி தோற்றுப் போனதாக எல்லாரும் நினைக்கிறார்கள். அது தவறு. கூட்டம் வந்ததால் கேள்வி பிழையாகிவிடாது. வராமல் போயிருந்தால் கடனைச் சுமந்திருக்க வேண்டியவர்கள் கேட்டவர்கள்தானே? கேட்க வேண்டிய சமயத்தில் கேட்டார்கள்.

நிபுணர்களும் ஜனங்களும் ஒன்றாக ஓட்டுப் போடுவதில்லை என்பதும் உண்மைதான். 2007-இல் அமெரிக்க ஜனங்களுக்குப் பிரியமான கட்டடங்கள் என்று 150 பெயர் கொண்ட ஒரு ஜாபிதா தயாரானபோது, எம்பயர் ஸ்டேட் கட்டடத்துக்கு முதல் இடம் கிடைத்தது. நிபுணர்கள் கொண்டாடிய டிஸ்னி மண்டபம் கிட்டத்தட்ட நூறாவது இடத்தில் நின்றது. இதைப் பார்த்து ஜனங்களுக்கு ரசனை இல்லை என்று நிபுணர்களும், நிபுணர்களுக்குப் புத்தி இல்லை என்று ஜனங்களும் சொல்லிக்கொள்ளலாம். இரண்டும் அவசரம். தாத்தா காலத்திலிருந்து பார்த்து வரும் கட்டடத்தோடு நேற்று வந்ததை ஓட்டப் பந்தயத்தில் விட்டால் வேறு என்ன நடக்கும்?

ஃபிராங்க் கேரி 2025 டிசம்பர் 5-ஆம் தேதி சாண்டா மோனிகாவில் தமது 96-ஆம் வயதில் காலமானார். அவரோடு சண்டை போட வேண்டியவர்களுக்கு இனி அவர் கட்டடங்கள்தாம் மிச்சம். அவை எல்லாவற்றிலும் நான் அடிக்கடி நினைத்துக்கொள்வது பில்பாவோவின் பொன் நிறத்தை அல்ல. டிஸ்னி மண்டபத்தின் அந்தத் தேய்த்த தகடுகளைத்தான். எதிர் வீட்டில் குடியிருந்த பெயர் தெரியாத மனிதர்கள், "ஐயா, வெயில் தாங்கவில்லை" என்று சொன்னார்கள். யாரும் அவர்களைப் பார்த்து, உங்களுக்குக் கலை தெரியாது என்று சொல்லிவிட்டுப் போய்விடவில்லை. மண்டபத்தை இடிக்கவும் இல்லை. ஆட்களை ஏற்றி, மெருகைத் தேய்த்து எடுத்தார்கள். இன்று அதைப் பார்க்கிறவர்களில் பலருக்கு அந்தச் சுவர் ஒரு காலத்தில் இதைவிடப் பளபளத்தது என்பதே தெரியாது. அண்டை வீட்டார் வீட்டுக்குள் சௌக்கியமாக உட்கார்ந்திருக்கிறார்கள். உள்ளே கச்சேரி நடந்துகொண்டிருக்கிறது.